பாதிச் சமையலறை

அல்கூஸ் தொழிற்பேட்டையிலிருந்து வந்த பஸ் இறக்கிவிட்ட இடத்தில் மெட்ரோ ஏறும்போது மணி இரண்டு நாற்பது, மதுரை விமானம் தரையிறங்க இன்னும் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம், இங்கிருந்து விமான நிலையத்துக்கு ஏழரை திர்ஹம் என்று கணக்குப் போட்ட தங்கமாரியப்பன், போட்ட கையோடு அந்த ஏழரையை மனதிலிருந்து துடைத்துப் போட்டான். இன்றைக்குப் போயா அந்தச் சொல். எட்டுக்கு அரை கம்மி என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுக்கு அரை கம்மி என்றால் ஊர்க் காசுக்கு நூற்று எழுபத்திரண்டு ரூபாய், சிவகாசியிலிருந்து மதுரைக்குப் போய் ஒரு டீயும் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். பெருக்காதடா மாரி, பெருக்கினா தொண்டையில சோறு எறங்காது என்று ஜப்பார் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. ஜப்பார் அதிராம்பட்டினத்துக்காரன், தேராவில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் இவனுக்கு மேல்கட்டில். பதினோரு மாதம் ஒரே இரும்புக் கட்டிலில் மேலும் கீழுமாகக் கிடந்ததில், அவன் புரண்டு படுக்கும் சத்தத்தை வைத்தே ஊரிலிருந்து நல்ல சேதி வந்ததா கெட்ட சேதி வந்ததா என்று மாரிக்குத் தெரிந்துவிடும். அந்த ஜப்பார்தான் முதல் வாரம், ஒரு பாட்டில் தண்ணீரை இருபத்திமூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் தாகத்தோடு நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், எந்தக் கடையில் தண்ணீர் கேனாக வாங்கினால் மலிவு, எந்தப் பட்டாணியர் ரொட்டிக்கடையில் நாலு கேட்டால் ஐந்து வைப்பான், எந்த முடிதிருத்தகத்தில் பத்துக்கு வெட்டிப் பதினைந்துக்குக் கும்பிடு போடுவான் என்றெல்லாம் காட்டிக்கொடுத்தான். பெருக்குவதை நிறுத்த மட்டும் அவனால் சொல்லித்தர முடியவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. உட்கார இடமில்லை. ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறது. சட்டையில் மை வாடை இருக்குமோ என்று கையை உயர்த்தி முகர்ந்துபார்த்தான். இருக்கிறது. மூன்று தடவை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் நீலம் போகவில்லை. விமானத்தில் வந்துகொண்டிருக்கும் செண்பகத்துக்கு இது புதிதா என்ன, கல்யாணத்தன்றைக்கே மாப்பிள்ளை கையைப் பார்த்து, ஐயோ என்னங்க காயமா என்று கேட்டவள்தானே, அன்றைக்குச் சிவப்பு.

சிவகாசி பிரஸ்ஸில் காலண்டருக்குப் பதினாறு வருடம் சிவப்பும் மஞ்சளும் ஓட்டியவன் இங்கே வந்து சூப்பர் மார்க்கெட் சலுகைத் தாள் ஓட்டுகிறான். வாரம் தவறாமல் நாலு கடை. நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் வெங்காயத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வெங்காயம் பேய் மாதிரி நிற்கும், அதனால் ஒவ்வொரு தாளையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், பார்த்துப் பார்த்து இந்த ஊரில் வியாழக்கிழமை விற்கப்போகும் விலையெல்லாம் செவ்வாய்க்கிழமையே அவனுக்கு மனப்பாடம். வெங்காயம் கிலோ இரண்டு தொண்ணூற்றைந்து, பால் ஆறு சொச்சம், கோழி பதினாலு, பொன்னி அரிசி ஐந்து கிலோ இருபத்தெட்டு. இதை வைத்துத்தான் அவன் கணக்குப் போட்டான். சம்பளம் ஐயாயிரத்து ஐந்நூறு, மகளின் பள்ளிக்கூடத்துக்கு மாதம் ஐந்நூற்றைம்பது, பள்ளிக்கூட பஸ்ஸுக்கு இருநூற்றுச் சொச்சம், மளிகைக்கு எண்ணூறு, போன், மெட்ரோ, மீதியில் வீடு. கணக்கில் ஓட்டை ஒன்றும் இருக்கவில்லை. அல்குசைஸில் ஒற்றை அறை வீடு, ஸ்டுடியோ என்பார்கள், மூலையில் சின்னதாகத் தனிச் சமையலறை, வருடம் முப்பத்தாறாயிரம், அதை நாலு செக்காகப் பிரித்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். முதல் செக், அட்வான்ஸ், ஏஜெண்ட் கூலி, கரண்டுக்கும் தண்ணீருக்கும் முன்பணம் என்று எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரத்துச் சொச்சம். விசா, மருத்துவப் பரிசோதனை, இன்சூரன்ஸ், டிக்கெட் எல்லாம் போகச் சரியாக அவ்வளவு கையில் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் கையெழுத்துப் போடப் போனால் வீட்டுக்காரர் மனம் மாறிவிட்டார், நாலு செக் இல்லை, இரண்டு. இரண்டு என்றால் எடுத்த எடுப்பில் இன்னும் ஒன்பதாயிரம். ஒன்பதாயிரம் என்ற அந்தச் சொல்லோடு அவன் ஏஜெண்ட் அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாயிரத்தை இருபத்திமூன்றால் பெருக்கவேயில்லை அன்றைக்கு. கதவு திறந்தது. உயரக் கோபுரம் பார்க்க வந்த கூட்டம் இறங்க, பார்த்துவிட்ட கூட்டம் ஏறியது. பக்கத்தில் வந்து நின்ற வெள்ளைக்காரப் பெண் போனில் யாரிடமோ ஆங்கிலத்தில், அறைக்கு மட்டும் ஐயாயிரம் கேட்கிறார்கள், குளிர்சாதனத்துக்குத் தனியாம், என்று சொல்லிவிட்டு நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள். இவளும் எந்த ஊர்க் காசிலோ பெருக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எத்தனையால் பெருக்க வேண்டுமோ, இல்லை வகுக்க வேண்டுமோ.

ஆனால் பயம் ஒன்பதாயிரத்தில் இல்லை, பயம் அடுப்பில். அதை நினைக்கக்கூடாது என்று மூன்று வாரமாகச் சுற்றிச் சுற்றிப் போகிறான், எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறது. கல்யாணமான புதிதில் சிவகாசியில் ஒரு லைன் வீட்டில் இருந்தார்கள், ஆறு வீட்டுக்கு ஒரு குழாய், இரண்டு வீட்டுக்கு ஒரு சமையலறை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளுக்கு அவசரம் என்றால் செண்பகத்தின் உலையை இறக்கி வைத்துவிட்டுத் தன் சட்டியை ஏற்றுவாள், கேட்டால், ஆமா இவ வீட்டுல மட்டுந்தான் பசிக்கும் என்பாள். அப்படி ஆறு வருடம். கனிஷ்கா வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் பிரஸ்ஸிலிருந்து வந்து பார்த்தால், ஏழு மாத வயிற்றோடு செண்பகம் சமையலறை வாசலில் நிற்கிறாள், கையில் அரைவேக்காட்டுச் சோற்றுப் பானை, துணி பிடித்திருந்தும் சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறாள், கீழே வைக்க இடமில்லை. அன்றைக்கு அவள் அழவில்லை. எனக்கு நகை வேண்டாங்க, ஒரு அடுப்பு வேணும், யாரும் வந்து கை வைக்காத அடுப்பு, என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு திருத்தங்கலில் கடன் வாங்கி இரண்டு அறை கட்டியது, சமையல் மேடைக்குப் பச்சைக் கல் அவளே மதுரைக்குப் போய்ப் பார்த்து எடுத்தது, பால் காய்ச்சிய அன்றைக்குப் பொங்கி வழிந்ததைத் துடைக்கவிடாமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றது. அந்த வீட்டைத்தான் போன வாரம் வாடகைக்கு விட்டுவிட்டு வருகிறாள். பதினோரு மாதமும் அவள் போனில் சொன்னது ஒன்றுதான், பணம் அனுப்புறீங்க, சரி, ஆள எப்ப அனுப்புவீங்க. கனிஷ்கா போனுக்கே வராமல் போய்விட்ட மாதத்தில்தான் அவன் குடும்பத்தைக் கூட்டிக்கொள்வது என்று முடிவு செய்தான். வீடு பாத்தாச்சு, தனிச் சமையலறை, சன்னல் வச்சது என்று சொன்னான். சொன்ன அன்றைக்கு அது உண்மை.

சொன்னதற்குப் பிறகுதான் பொய்யாகிவிட்டது. அதைப் பொய் என்று சொல்லலாமா. அந்த வீடு தட்டிப்போன பிறகு கிடைத்த அறையை வீடியோ எடுத்து அனுப்பினான், கட்டில், அலமாரி, பால்கனி, பால்கனியிலிருந்து தெரியும் பேரீச்சை மரம், எல்லாம் காட்டினான், போனை மட்டும் கதவுப் பக்கம் திருப்பவேயில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஹால், ஹாலுக்கு அந்தப் பக்கம் லிசியும் ஜோமோனும் இருக்கும் அறை, நடுவில் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே சமையலறை. கோட்டயத்துக்காரர்கள். லிசி கிளினிக்கில் நர்ஸ், ஜோமோன் ஏதோ கிடங்கில். இரண்டு குடும்பத்தின் பெயரும் ஒப்பந்தத்தில் முறையாக ஏறியிருக்கிறது, கரண்டு தண்ணீர் எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரம், இதைப் பிடித்துக்கொடுத்ததும் ஜப்பார்தான். நல்ல மனுஷர்கள், அதில் சந்தேகமே இல்லை. நேற்று சாமான் வைக்கப் போனபோது லிசி சமையலறை அலமாரியில் மேலிரண்டு தட்டையும் காலி செய்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, தாள் விரித்துவைத்திருந்தாள். குனிந்து பார்த்தால் அவன் ஓட்டிய தாள், போன வாரத்துச் சலுகை, மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக விழுந்திருந்தது. அடுப்பில் நாலு பர்னர், வலது பக்கம் ரெண்டும் உங்களுக்கு, என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, எல்லாம் அவங்களுக்கு அறியுமல்லோ, சொல்லியாச்சா என்று கேட்டாள். சொல்லியாச்சு என்று தலையாட்டினான். ஆக இரண்டு பேரிடம் பொய். அந்த அறையில் கிடந்த குக்கர், ஜப்பாரும் மற்ற ஆறு பேரும் சேர்ந்து வாங்கியது. மெத்தை, பிரஸ்ஸில் கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரன் ரோலாண்டோ தன் வீடு மாற்றும்போது விட்டுப் போனது, விட்டுப் போனான் என்றா சொல்வது, நாலாவது மாடி வரைக்கும் தலையில் வைத்துத் தூக்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். இன்றைக்கு மேனேஜர், வெளியே சிடுசிடுத்துக்கொண்டே, மதியத்தோடு அனுப்பிவிட்டார். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் விலை உண்டு, குளிருக்குக்கூட, அதை அச்சடிப்பவனே அவன்தான். ஆனால் இவர்கள் செய்ததை எந்தத் தாளில் போட. இத்தனை பேர் தோள் கொடுத்து நிமிர்த்திய வீட்டுக்குள் அவளைப் பொய்யோடு கூட்டிப்போவதா. வண்டி பாலத்திலிருந்து இறங்கிச் சுரங்கத்துக்குள் போனது, சன்னல் முழுக்க அவன் முகமே வந்து நின்றது.

சொல்லிவிடலாம். இப்போதே. மெசேஜ் அனுப்பிவிட்டால் இறங்கியதும் படித்துவிடுவாள், நேரில் முகத்தைப் பார்க்க வேண்டாம். செம்பகம், ஒண்ணு சொல்லணும் என்று அடித்தான். ஒன்று சொல்லணும் என்றால் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள், அழித்தான். வீடு நல்லா இருக்கு ஆனா என்று அடித்தான். ஆனா என்ற இடத்திலேயே விரல் நின்றுவிட்டது. மேலே கடலோடை, அதன்மேல் மரப்படகுகள் ஒரு திர்ஹத்துக்கு ஆள் ஏற்றிப்போகும், கீழே பூமிக்குள் இவன் ஒரு ஆனாவோடு போய்க்கொண்டிருக்கிறான். படித்துவிட்டு அங்கேயே, மூட்டை முடிச்சோடு, யாரும் தெரியாத இடத்தில் உட்கார்ந்துவிட்டால்? கனிஷ்கா அம்மா முகத்தைப் பார்த்து அழுதால்? முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தது யாருக்காக, அவளுக்காகவா, தனக்காகத்தானே. அதையும் அழித்தான். நேரில் சொல்ல வேண்டும். டாக்ஸியில் ஏறுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், ஏறிவிட்டால் மீட்டர் ஓடும், மீட்டர் ஓடும்போது சொல்ல வராது. யூனியன் ஸ்டேஷனில் கூட்டம் நெருக்கியது. யாரோ ஒருவரின் பையிலிருந்து மல்லித்தழை வாசம் வந்தது, பச்சையாக, ஈரமாக. அது போதும் என்பதுபோல அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சே, என்ன இது, என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

விமான நிலையத்தில் இறங்கி, வருகைக் கதவுக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பலகையில் மதுரை என்று வந்தது, இறங்கிவிட்டது என்று வந்தது, அதற்குப் பிறகு நேரம் நகரவேயில்லை. கதவு திறந்து திறந்து யார் யாரோ வந்தார்கள், ஒவ்வொரு தள்ளுவண்டிக்குப் பின்னாலும் ஒரு வாழ்க்கை, டிவிப்பெட்டி, நாய்க்கூண்டு, கிடார், எல்லோரும் இந்த ஊருக்கு வந்து வாடகை கொடுக்கப்போகிறவர்கள். அடுத்ததாகக் கதவு திறந்தபோது ஒரு அட்டைப்பெட்டிதான் முதலில் தெரிந்தது, சிவகாசி காலண்டர்ப் பெட்டி, சணல் கயிறு போட்டுக் கட்டியது. அதற்குப் பின்னால் ஒரு சாண் வளர்ந்துவிட்ட கனிஷ்கா. அதற்குப் பின்னால் செண்பகவல்லி, காட்டன் புடவைக்கு மேலே ஊரில் யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்வெட்டர்.

"அப்பா" என்று ஓடி வந்தவள் பாதியில் வெட்கப்பட்டு நின்றுவிட்டாள். அவன்தான் போய்த் தூக்கினான். தூக்க முடியவில்லை, கனம். கனத்தைக் கீழே இறக்கவும் மனசில்லை.

"எளைச்சுட்டீங்க" என்றாள் செண்பகம்.

"செம்பகம், வீட்டுல சமையலறை தனி இல்ல." எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ, இதுதான் வந்தது. "அந்த வீடு தட்டிப்போச்சு. ஒரு ரூம்தான் நமக்கு. கேரளாக்காரங்க இன்னொரு குடும்பம் இருக்கு. ஒரே அடுப்பு."

அவள் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

"எப்பத்துலருந்து தெரியும்?"

"மூணு வாரம்."

"மூணு வாரமும் தெனம் பேசுனீங்க."

"ம்."

"சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு மட்டும் தெனம் கேட்டீங்க."

அவள் ஸ்வெட்டர் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். "சாவி குடுக்கறப்ப அந்த மேடைய ஒருவாட்டி தொடச்சுட்டு வந்தேன். வர்ற பொம்பளைட்ட, கல்லுல எலுமிச்ச படக்கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன். பைத்தியக்காரி மாதிரி."

"சொன்னா நீ வரமாட்டியோன்னு..."

"வந்திருப்பேன்" என்றாள். "வந்திருப்பேங்க. மனசத் தயார் பண்ணிட்டு வந்திருப்பேன். அதுக்குக்கூட வழி விடல நீங்க. கோவம் இருக்கு. இங்க வச்சு வேண்டாம், பிள்ள பயந்துக்கிடும். அப்புறமா வச்சுக்கறேன்."

"சரி."

"அந்தம்மா பேரு என்ன?"

"லிசி."

"எத்தன மணிக்கு வேலைக்குப் போவாங்க?"

"காலையில ஆறரைக்கு."

"வர்றது?"

"அஞ்சாயிரும். இன்னைக்கு மட்டும் நீங்க வர்றீங்கன்னு அரை நாள் லீவு போட்டுருக்காங்க."

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். "நாம வர்றோம்னா?"

"ம். ரெண்டு தட்டு கழுவித் தாள் விரிச்சு வச்சுருக்காங்க."

அவள் தள்ளுவண்டியைத் திரும்பத் தள்ளத் தொடங்கினாள். நாலு எட்டு போனதும், "அப்ப ஆறரைலருந்து அஞ்சு வரைக்கும் அது என் அடுப்பு" என்றாள், அவனிடம் இல்லை, அட்டைப்பெட்டியிடம் சொல்வதுபோல. பிறகு கையை நீட்டினாள். "போனப் போட்டுக் குடுங்க. நானே பேசறேன்."

மாரி லிசியை அழைத்துக் கொடுத்தான். "அக்கா, நான் செம்பகம் பேசறேன். வந்து எறங்கிட்டோம்" என்றவள், அந்தப் பக்கம் லிசி பேசப் பேச ம் கொட்டிக்கொண்டே நின்றாள். லிசியின் குரல் போனை மீறிக் கேட்டது, "சோறும் மீன்கறியும் ரெடி ஆயி மோளே, நேரே இங்கோட்டு வா, இன்னைக்கு நீ அடுப்புக்கிட்ட வரக்கூடாது கேட்டோ."

"சரிக்கா" என்றாள் செண்பகம். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தில் அவன் தேடிய கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறு ஏதோவும் வந்து உட்கார்ந்திருந்தது. "மீன் கொழம்பாம். நம்ம புளி இல்ல, கொடம்புளி போட்டதாம். எப்படி இருக்குமோ தெரியல. நல்லா இருக்குன்னுதான் சொல்லணும், நீங்களும் மொகத்தச் சுளிச்சிராதீங்க."

டாக்ஸி வரிசை நீளமாக இருந்தது. வெளியே வெயில் அறைந்தது. கனிஷ்கா பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, லிசி ஆன்ட்டி வீட்டில் பாப்பா இருக்கா என்று கேட்டாள். இல்லை என்றான். அப்போ என்னோடு விளையாடுவாங்களா என்று கேட்டாள். விளையாடுவாங்க என்று செண்பகம் பதில் சொன்னாள், ஏதோ பல வருடம் பழகியவள் மாதிரி. மாரி ஸ்வெட்டரை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஜப்பாருக்கு இன்றைக்குப் போன் பண்ணி நன்றி சொல்லிவிடலாம், அவன் கெட்ட வார்த்தையில் திட்டுவான், பரவாயில்லை. ரோலாண்டோவுக்கு நாளைக்குக் காலையில் மெஷின் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிடலாம், மேனேஜருக்கு ஒரு கும்பிடு. லிசிக்கு, மீன்கறியை இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் போதும், புரிந்துகொள்வாள். எல்லோருக்கும் சொல்ல ஒரு வழி இருக்கிறது, பக்கத்தில் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டு நிற்கும் இவளுக்குச் சொல்லத்தான் வழியில்லை. பெண்டாட்டிக்குப் போய் நன்றி என்று எப்படிச் சொல்வது, சொன்னால் சிரிப்பாள், சொல்லாமலும் இருக்க முடியவில்லை, வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவனுக்கே தெரியவில்லை. வரிசை நகர்ந்தது. வாயைத் திறந்தான்.

"சாப்பிட்டியா?" என்றான்.

செண்பகம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். முறைத்தாள். பிறகு அடக்க முடியாமல், இத்தனை பேர் நடுவில் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, சிரித்துவிட்டாள்.